ஈயம் வைத்த முனை

சந்திரம்மாள் யாரையும் லேசில் நம்பமாட்டாள். பால்காரர் பால் ஊற்றும்போது எல்லோரும் படியைப் பார்ப்பார்கள்; அவள் படிக்குள் அவருடைய கட்டைவிரல் இருக்கிறதா என்று பார்ப்பாள். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரி கண்ணை மூடினால், நிஜமாகவே தூங்குகிறாளா என்று திரும்பி ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் தன் பையை மடியில் தளர்த்துவாள். அர்ச்சனைத் தட்டு திரும்பி வந்தால் தேங்காய் மூடி தன்னுடையதுதானா என்று இரண்டு பாதியையும் பொருத்திப் பார்த்தவள் அவள். அடி அண்ணாமலையில் அவளைத் தெரிந்தவர்கள், "அது அவ குணம்" என்று விட்டுவிட்டார்கள். அவள் அதை ஜாக்கிரதை என்று சொல்லிக்கொண்டாள்.

இந்த உலகத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது இரண்டைத்தான். ஒன்று ஈயம். இன்னொன்று தம்பி வளவன். இந்த இரண்டில் ஒன்றை மட்டும்தான் நம்ப முடியும் என்று ஒரு நிலைமை வந்தபோது அவள் ஈயத்தை நம்பினாள். அதனால் வந்த வினைதான் இது.

ஈயத்தின் மேல் அவளுக்கு ஏன் அத்தனை நம்பிக்கை என்று கேட்டால், கல்யாணத்துக்கு முந்தி அவள் சென்னைப் பக்கம் ஒரு டிவி கம்பெனியில் வேலை பார்த்தவள். ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்தபடி வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களில் அவள் கை சுத்தமான கை. அவள் பற்றவைத்த புள்ளி கண்ணாடி போல மின்னும். சூப்பர்வைசர் மற்றப் பெண்களைத் திட்டும்போது அவளுடைய பலகையைத்தான் எடுத்துக் காட்டுவார். அங்கே படிந்த எண்ணம் அப்படியே தங்கிவிட்டது. பற்றவைக்காத இணைப்பு அவளுக்கு இணைப்பே இல்லை. முறுக்கி டேப் சுற்றினவனை அவள் எலெக்ட்ரீஷியன் என்றே ஒத்துக்கொள்ளமாட்டாள்.

வாக்கப்பட்ட இடமும் அதற்குத் தோதாகவே அமைந்தது. புருஷன் மண்ணாங்கட்டி மைக் செட் வைத்திருந்தார். அவருக்கு முன்னால் பிறந்தவை இரண்டும் தங்காமல் போனதால், எமன் கண்ணில் படாமலிருக்க வைத்த பெயர் அது. பெயருக்கு ஏற்ற சாது. புளியமரமோ தென்னைமரமோ, விறுவிறுவென்று ஏறிக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிடுவார். ஆனால் வயரைக் கண்டால் ஒரு முழம் தள்ளித்தான் நிற்பார். கல்யாணமான புதிதில் அவர் வைத்திருந்த வயர்களை எடுத்துப் பார்த்த சந்திரம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். எல்லாம் முறுக்கல், எல்லாம் டேப். அத்தனையையும் அறுத்துப்போட்டுவிட்டுப் புதிதாகச் செய்தாள். டவுனிலிருந்து வயர் சுருளாக வரும், பிளக் தனியாக வரும். அவளே அளந்து, அவளே நறுக்கி, அவளே ஈயம் வைப்பாள். கடையில் ரெடிமேடாக விற்கும் வயரை அவள் தொட்டதில்லை. ஒருமுறை அப்படி ஒன்றைக் கத்தியால் கிழித்து உள்ளே இருக்கும் செம்பு மயிரிழைகளை எண்ணிவிட்டு, "பாத்தியாடி, ஊரை ஏமாத்துறான்" என்று மகள் சினேகாவிடம் காட்டினாள். சினேகா அப்போது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "சரிம்மா" என்றாள்.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் அன்னதானப் பந்தலுக்கு அவர்கள் செட்தான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதற்குப் போனாலும் அவர்கள் மைக் கரகரக்காது என்று பெயர். வளவன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இதே வேலைக்கு வந்தான். இரண்டு தெரு தள்ளி வீடு, சாப்பாடு அக்கா வீட்டில். நல்ல வேலைக்காரன். ஒரே ஒரு குறை, வாய் சும்மா இருக்காது. அதுவும் போனில் எதையாவது பார்த்துவிட்டு வந்தால் கேட்கவே வேண்டாம்.

"யக்கா, எல்லாத்துக்கும் ஈயம் தேவையில்லக்கா. லக்ஸ் போட்டு நெரிச்சு ஸ்க்ரூ முடுக்குனா போதும். வெளிநாட்டுல பெரிய பெரிய கச்சேரிக்கே அப்படித்தான் பண்றாங்க."

"அவன் கச்சேரி முடிஞ்சதும் பெட்டிய கட்டிக்கினு போயிடுவான். நாம நாளைக்கும் இதே ஊர்ல தலைகாட்டணும்."

"நீ ஒருதரம் பாரேன்."

"நான் பாக்க வேண்டியதெல்லாம் பாத்துட்டேன். நீ சோத்தை துன்னு."

அவன் கேட்கவில்லை. வயர் முனையில் லக்ஸ் என்கிற செப்பு வளையத்தை மாட்டி, இடுக்கியால் நெரித்து, ஈயமே இல்லாமல் தனக்கென்று இரண்டு சுருள் வயர் செய்துகொண்டான். தூரத்து ஸ்பீக்கர்களுக்கு அதைத்தான் இழுப்பான். சந்திரம்மாள் அந்தச் சுருள்களைத் தாண்டிப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மைக் செட்டின் பழைய ஆம்ப்ளிஃபயர் கருகிப்போனதால் அந்த வருஷம் வேறொரு ஆம்ப் வாங்கினார்கள். பழையதில் வளவனின் வயருக்கு ஓரமாகச் சில ஸ்க்ரூ இருந்ததைத் தவிர, மற்றதெல்லாம் செருகும் துளை; ஈயம் வைத்த பிளக்கைச் செருகினால் வேலை முடிந்தது. புதியதின் முதுகில் துளை இல்லை, வரிசையாக ஸ்க்ரூதான். வயர் முனையை உள்ளே விட்டு மேலே ஸ்க்ரூவை முடுக்கவேண்டும். வெறும் செம்பு நூல்களைப் பிரிபிரியாக விட்டு முடுக்க சந்திரம்மாளுக்கு மனசு வருமா? பிளக்கை வெட்டியெடுத்துவிட்டு, ஒவ்வொரு முனைக்கும் நிறைய ஈயம் குடிக்கவைத்துக் குச்சி மாதிரி ஆக்கினாள். பிறகு தன் கையாலேயே ஸ்க்ரூவை முடுக்கி, இழுத்துப் பார்த்து, திருப்தியாக நிமிர்ந்தாள்.

அந்த ஆம்ப்போடுதான் செங்கம் ரோட்டுப் பக்கம் ஓர் ஊரில் திரௌபதி அம்மன் வசந்த விழாவுக்குப் போனார்கள். தினமும் மத்தியானம் பாரதப் பிரசங்கம். பந்தலில் இருக்கிறவர்களைவிட, வீட்டிலும் வயலிலும் இருந்தபடி குழாய் ஸ்பீக்கரில் கேட்கிறவர்கள்தான் ஜாஸ்தி. நாற்று நடுகிற பெண்கள்கூட அன்றைக்குச் சூதாட்டம் என்றால் கையை வேகமாக ஓட்டுவார்கள். கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் துரியோதனனை வீழ்த்தும் படுகளம், சாயங்காலம் தீமிதி. அதுவரை அவர்களுக்கு அங்கேதான் வேலை.

சூதாட்டம் சொல்லும் நாளன்றே முதல் தடவை நடந்தது. பிரசங்கியார் பகடையை உருட்டினார். சகுனி சிரித்தான். தருமன் எதை வைத்தான் என்று சொல்ல வாயைத் திறந்தபோது கோயில் பக்கத்து ஸ்பீக்கர் செத்துப்போயிற்று. வயல் பக்கத்திலிருந்து கூச்சல் வந்தது. சந்திரம்மாள் ஓடிப்போய் ஆம்ப்பைத் திருப்பிப் பார்த்தாள். அவள் முடுக்கின வயர், கழன்று வெளியே தொங்கியது. தொட்டால் ஸ்க்ரூ இறுக்கமாகத்தான் இருப்பது போல இருந்தது. ஆனால் வயர் அதில் நிற்கவில்லை.

தானாகக் கழலாது. அவள் முடுக்கினது தானாகக் கழலாது. இதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

யார் என்பதுதான் கேள்வி. முதலில் வேங்கிக்கால் கண்ணாயிரத்தை நினைத்தாள். கலெக்டர் ஆபீஸ் பக்கம் பெரிய சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் ஆள்; இந்த விழாவை எடுக்க வருஷாவருஷம் ஆள் விட்டுப் பார்க்கிறவர். ஆனால் அவர் இந்தப் பக்கம் வந்த மாதிரித் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து வேறொரு வயர் கழன்றது. மறுவாரம் முதல் வயரே திரும்பவும் கழன்றது. விழாக் குழுக்காரர் ஒருவர், "இன்னாம்மா, செட்டுக்கு வயசாயிடுச்சா? அடுத்த வருஷம் வேற பாக்கணுமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்குத்தான் அவள் அதைக் கவனித்தாள். கழல்வதெல்லாம் அவள் வயர். வளவனுடைய வயர் ஒரு தடவைகூடக் கழலவில்லை.

அதே ஆம்ப். அதே வரிசை. அடுத்தடுத்த ஸ்க்ரூ. ஈயம் வைத்தது கழல்கிறது, ஈயம் வைக்காதது கல்லாட்டம் நிற்கிறது. ஈயம் வைத்தது எப்படிக் கழலும்? ஆகையால் ஒன்றே ஒன்றுதான் இருக்கமுடியும். தான் சொன்னது சரி என்று காட்ட இவனே அவிழ்க்கிறான். இந்த நினைப்பு வந்ததும் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. சீச்சீ, தம்பியாயிற்றே என்று தள்ளினாள். தள்ளினது திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. போன மாதம் அவன் வேங்கிக்காலில் கண்ணாயிரத்தோடு டீ குடித்ததை யாரோ சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கு அந்த டீயை நினைக்க நினைக்க ஆறாமல் கொதித்தது.

கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும். சினேகாவின் நெயில் பாலிஷை எடுத்து வந்து, ஆம்ப்பின் முதுகில் ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலிருந்தும் பக்கத்துத் தகடு வரை மெல்லிசாக ஒரு கோடு இழுத்தாள். ஸ்க்ரூவை மயிரளவு திருப்பினாலும் கோடு உடைந்துவிடும். டிவி கம்பெனியில் இப்படித்தான் அடையாளம் வைப்பார்கள். யாரிடமும் சொல்லவில்லை, மண்ணாங்கட்டியிடம்கூட.

நாலைந்து நாள் போயிருக்கும். மத்தியானம் வயரை இழுத்துப் பார்த்தாள். வயர் வந்துவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கோட்டைப் பார்த்தாள். கோடு அப்படியே இருந்தது. ஒரு கீறல் இல்லை.

வேறு யாராவதாக இருந்தால் அந்த இடத்தில் நின்று யோசித்திருப்பார்கள். ஸ்க்ரூ திரும்பவில்லை, வயர் தளர்ந்திருக்கிறது, அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று. சந்திரம்மாளும் யோசித்தாள். யோசித்துக் கண்டுபிடித்தாள்: அவிழ்த்துவிட்டு அதே நிறத்தில் திரும்பக் கோடு போட்டிருக்கிறான்! வீட்டுக்குப் போனதும் சினேகாவின் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். குறைந்திருந்த மாதிரித்தான் இருந்தது.

"உன் மாமன் இந்த பாட்டில எடுத்தானா?"

"மாமாவா? நெயில் பாலிஷா?" சினேகா சிரித்துவிட்டாள். "மாமா எதுக்கும்மா நெயில் பாலிஷ் போடப்போறாரு?"

"சிரிக்காத. எடுத்தானா இல்லியா?"

"நான்தாம்மா நேத்து போட்டேன்." விரல்களை நீட்டிக் காட்டினாள். சந்திரம்மாள் அந்த நகங்களையும் ஒரு நிமிஷம் சந்தேகமாகப் பார்த்தாள்.

மறுநாள் பிரசங்கம் தொடங்குவதற்கு முன்னால் பந்தலில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. வளவன் மைக் ஸ்டாண்டை நிமிர்த்திக்கொண்டிருந்தான். சந்திரம்மாள் ஸ்க்ரூவைத் தொட்டாள், இன்னொரு வயர் ஆடியது. அவ்வளவுதான், அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"ஏண்டா, சோறு போட்ட வூட்டுக்கே இப்படி பண்ணுவியா?"

வளவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாக்கா?"

"நீதான் அவுக்கற. எனக்கு தெரியும். கண்ணாயிரம் இன்னா குடுக்கறேன்னான்?"

"யக்கா, நீ இன்னா பேசறன்னு தெரிஞ்சுதான் பேசறியா? நான் ஏன்க்கா அவுக்கறேன்?"

"அப்ப கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ணு. அம்மன் முன்னால பண்ணு."

கற்பூரம் என்பது சும்மா வாயில் வரும் வார்த்தையில்லை. எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. பொய்யென்றால் அம்மன் பார்த்துக்கொள்வாள். அதனாலேயே அதைத் திருடனிடம் கேட்பார்கள், நிலத் தகராறில் எதிராளியிடம் கேட்பார்கள். கூடப் பிறந்தவனிடம் யாரும் கேட்பதில்லை. "சந்திரா, வாணாம்" என்று மண்ணாங்கட்டி மரத்திலிருந்து இறங்கி ஓடிவந்தார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

வளவன் சந்நிதிக்கு முன் போனான். பூசாரி தயங்கித் தயங்கிக் கற்பூரத்தை ஏற்றினார். "நான் அவுக்கல" என்று சொல்லிவிட்டு ஓங்கி அடித்து அணைத்தான். பிறகு ஆம்ப்பிடம் வந்து, தன் இரண்டு சுருள் வயரையும் கழற்றி, முழங்கையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே நினைத்தாள்: இவ்வளவு துணிச்சலாகச் சத்தியம் பண்ணுகிறானே, எத்தனை நாளாகப் பழகியிருப்பான்!

அன்று சாயங்காலமே தூரத்து ஸ்பீக்கர்களுக்கும் தானே வயர் செய்தாள். கோபத்தில் முன்னைவிட இரண்டு பங்கு ஈயம் வைத்தாள். இனிமேல் ஆம்ப்பை அங்கே விடுவதில்லை என்று தினமும் குட்டியானை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தன் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டாள். எல்லா ஸ்க்ரூவுக்கும் புதிதாகக் கோடு இழுத்த பிறகு, நெயில் பாலிஷ் பாட்டில் அவள் இடுப்பிலிருந்த சுருக்குப்பைக்குள் போயிற்று. வளவன் வேங்கிக்காலில் கண்ணாயிரத்திடம் சேர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. "சொன்னேனா இல்லியா?" என்று அவள் மண்ணாங்கட்டியிடம் கேட்டாள். "நீ தொரத்துனா அவன் எங்க போவான்?" என்று அவர் சொன்னார். அவர் அவளை எதிர்த்துப் பேசிய சில தடவைகளில் அது ஒன்று.

ஒரு வாரம் ஒரு தொல்லையும் இல்லை. பிடித்துவிட்டோம் என்று அவள் நினைத்தாள். பிறகு ஒருநாள் மத்தியானம், கிளம்புவதற்கு முன் வழக்கம் போல முனைகளை இழுத்துப் பார்த்தாள். முதலாவது வந்துவிட்டது. இரண்டாவதும் வந்துவிட்டது. வளவன் வயர் இருந்த இடத்தில் அவள் புதிதாகச் செய்து மாட்டினவையும் ஆடின. கோடுகள் அத்தனையும் முழுசாக இருந்தன.

கட்டிலுக்கடியில் இருந்த ஆம்ப். அதன்மேல் படுத்தவள் அவள். பாட்டில் அவள் இடுப்பில். வீட்டுக்குள் வந்தவர் யாருமில்லை. நிமிர்ந்து பார்த்தாள். வாசற்படியில் மண்ணாங்கட்டி கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். அவரையே வெகுநேரம் பார்த்தாள். அவர் நிமிர்ந்து, "இன்னா?" என்றார். வயரைக் கண்டால் ஒரு முழம் தள்ளி நிற்கிற மனுஷன். அவரையும் நினைத்தோமே என்று அவளுக்கு முதன்முதலாக வெட்கமாக இருந்தது.

ஆம்ப்பைத் துணியில் சுற்றிக்கொண்டு டவுனுக்கு ஆட்டோ பிடித்தாள். பெரிய கடைத்தெருப் பக்கம் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் அனந்த்திடம்தான் அவள் வயரும் பிளக்கும் வாங்குவது வழக்கம். கடையில் கூட்டமில்லை. அவர் ஆம்ப்பைத் திருப்பி, ஒரு முனையை இழுத்து எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஈயக் குச்சியின் மேல் ஸ்க்ரூ அழுத்தின இடத்தில் பள்ளமாக நசுங்கியிருந்தது.

"இந்த முனைக்கு ஈயம் யாரும்மா வெச்சது?"

"நான்தான். ஏன், சரியா பிடிக்கலியா?"

"பிரமாதமா பிடிச்சிருக்கு. அதான் தொந்தரவே." அவர் நகத்தால் பள்ளத்தைத் தடவிக் காட்டினார். "ஈயம் மெத்துனு இருக்கும்மா. ஸ்க்ரூ மேல உக்காந்து அழுத்த அழுத்த, கொஞ்சங்கொஞ்சமா நசுங்கி விலகிக்கினே போகும். ஆம்ப்பு சூடு வேற. ஸ்க்ரூ திரும்பாது, அது இருந்த இடத்துலயே இருக்கும். உள்ள வயர்தான் இளைச்சிடும். வெறும் செம்பா இருந்தா பிடிச்சிக்கும்."

"அப்ப ஈயம் வைக்கக்கூடாதா?"

"பிளக்குக்கு வைங்க, அங்க வெச்சாதான் நிக்கும். ஸ்க்ரூ போட்டு முடுக்குற இடத்துல வாணாம். வெறும் கம்பிய முறுக்கி விடுங்க, இல்லனா லக்ஸ் போட்டு நெரிச்சிடுங்க."

லக்ஸ் விற்பதற்காகச் சொல்கிறாரோ என்று ஒரு கணம் பார்த்தாள். அவர் லக்ஸ் டப்பாவை எடுக்கவே இல்லை. கட்டிங் பிளேயரால் ஈய முனையை நறுக்கிப் போட்டு, உறையைச் சீவி, செம்பை முறுக்கி, உள்ளே விட்டு முடுக்கிக் காட்டினார். ஒரு காசு வாங்கவில்லை. இதையேதான் வளவன் சொல்லிக்கொண்டிருந்தான். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து தினம் தினம் சொன்னான். கற்பூரம் எரிந்தது கண்ணுக்குள் வந்தது. தப்புப் பண்ணினது தன் கை. சத்தியம் பண்ணினது அவன் கை.

அப்படியே வேங்கிக்காலுக்குப் போனாள். கண்ணாயிரத்தின் குடோன் வாசலில் வளவன் பெரிய பெரிய பெட்டிகளுக்கு வயர் மாட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"வாங்க. உக்காருங்க."

பிறந்ததிலிருந்து அவன் அவளை வாங்க என்று சொன்னதில்லை. அவள் உட்காரவில்லை. நின்றபடியே அனந்த் சொன்னதையெல்லாம் சொன்னாள். ஈயம், பள்ளம், சூடு, எல்லாம். "என் தப்புடா. என் கைதான் பண்ணுச்சு" என்றாள். குடோனுக்குள் இருந்த பையன்கள் பார்ப்பதை அவள் பொருட்படுத்தவில்லை.

வளவன் கேட்டுக்கொண்டே இடுக்கியைத் திறந்து திறந்து மூடினான். "ஸ்க்ரூ சாட்சி சொல்லுச்சு, அதான் நீ வந்துட்ட."

"ஆமா."

"அது சொல்லலன்னா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. "வந்திருக்கமாட்டேன்" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். அதற்குள் 'நீ' திரும்பி வந்துவிட்டதை இருவரும் கவனித்தார்கள், இருவருமே காட்டிக்கொள்ளவில்லை. "நாளைக்கு வேற எதுனா கழண்டா?" என்று கேட்டான்.

"உன்ன நினைக்கமாட்டேன். அம்மன் மேல ஆணை."

"ஆணையெல்லாம் வாணாம்க்கா. ஆணைய நான் பாத்துட்டேன்." இடுக்கியைக் கீழே வைத்தான். "ஞாயித்துக்கெழம படுகளத்துக்கு வரேன். வேலைக்கு இல்ல. சும்மா வந்து நிக்கிறேன். அப்பறம் பாக்கலாம்."

அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. வீட்டுக்குப் போய் ஒவ்வொரு முனையிலும் ஈயத்தை நறுக்கித் தள்ளினாள். எத்தனையோ வருஷமாக மின்னவைத்துக்கொண்டிருந்த கை, நறுக்கும்போது கொஞ்சம் தயங்கத்தான் செய்தது. வெறும் செம்பை முறுக்கி முடுக்கினாள். நெயில் பாலிஷ் பாட்டிலைச் சினேகாவிடம் திருப்பிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குக் கறி எடுக்கவேண்டுமா, தீமிதி நாளில் ஆகாதா, அவனுக்குப் பிடித்த வேர்க்கடலைக் குழம்பே போதுமா என்று மண்ணாங்கட்டியைப் போட்டுக் குடைந்தாள். "வரட்டும் மொதல்ல" என்றார் அவர். "வருவான். வாக்கு குடுத்திருக்கான்" என்றாள்.

படுகளத்தன்று காலையிலேயே ஊர் திரண்டுவிட்டது. மைதானத்தில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் மல்லாந்து கிடந்தான். கூத்துக்காரர்கள் வேஷம் கட்டி இறங்கிவிட்டார்கள். எல்லாக் குழாயிலும் பிரசங்கியாரின் குரல் கணீரென்று ஒலித்தது. அவன் வந்திருந்தான். கூட்டத்தின் ஓரத்தில், ஆம்ப் வைத்திருந்த மேசைக்குப் பின்பக்கமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவளைப் பார்த்துச் சிரித்தான். அவள் பக்கத்திலிருந்த மண்ணாங்கட்டியை இடித்து, "பாத்தியா, வந்துட்டான்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பீமன் கதாயுதத்தை ஓங்கினான். துரியோதனன் வேஷக்காரர் பதறி ஓடினார். ஓடின வேகத்தில் அவர் கால் மைக் வயரில் சிக்கி, மைக்கின் அடியிலிருந்த பிளக் பாதி பிடுங்கிக்கொண்டது. குழாயெல்லாம் கரகரவென்று அலறிவிட்டு நின்றன.

எல்லோரும் துரியோதனனைப் பார்த்தார்கள். எல்லோர் கண்ணுக்கும் அவர் காலும் அதில் சிக்கின வயரும் தெரிந்தன. சந்திரம்மாள் மட்டும் பார்க்கவில்லை. அந்தக் கரகரப்பு கேட்ட கணத்தில் அவள் கண் தானாக, அவளைக் கேட்காமலே, பின்னால் திரும்பி வளவனின் கைகளைத் தேடிப் போயிற்று.

வளவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

சுற்றிலும் ஜனங்கள் கைகளைத் தலைக்குமேல் தூக்கி, "கோவிந்தா, கோவிந்தா" என்று கூவினார்கள். அவனும் கட்டியிருந்த கையைப் பிரித்து, இரண்டையும் மெதுவாக மேலே தூக்கினான். ஆனால் கும்பிடவில்லை. உள்ளங்கைகளை விரித்து, ஒன்றுமில்லை என்று அவளுக்குக் காட்டினான்.

"டேய், இல்லடா" என்று அவள் சொன்னாள். மைக் செத்திருந்தது, கூச்சலில் அவள் காதுக்கே அது கேட்கவில்லை. "எம்மா, மைக்கு!" என்று விழாக் குழுக்காரர் கத்தினார். பிரசங்கியார் வாயைத் திறந்தபடி காத்திருந்தார். அவள் ஓடிப்போய்க் குனிந்து, பாதி வெளியே வந்திருந்த பிளக்கை அழுத்திச் செருகினாள். குரல் திரும்பி வந்தது. நிமிர்ந்து பார்த்தபோது, அவன் நின்ற இடத்தில் இடுப்பில் குழந்தையோடு யாரோ ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.